வெள்ளிக்கிழமைப் புகை

ஒரு லாரி கன்னாபின்னாவென்று புகை விட்டால் லாரியைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஓட்டிய லாரி புகை விட்டபோது என் சமையலறைக்குள் வந்து பார்த்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வயசான காலத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் போட்டுக்கொண்டு இதையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கிளறத்தான் போகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. பட்டாபிராமில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் தினமும் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனிக்குப் போவேன். அச்சிலிருந்து வரும் வாஷர்களின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கத்தரியால் நறுக்குகிற வேலை. என் வீட்டுக்காரர் கள்ளிக்குப்பத்தில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினார். அந்த முதலாளியின் குடும்பம் அந்த ஊரில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் கைமாறிப் போன பிறகு ஒரு லாரி வாங்கினார். அவருக்கு லாரி ஓட்டத் தெரியாது. கிளட்ச் எது பிரேக் எது என்றுகூடத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். ஆனால் மாட்டைக் கும்பிட்டவர் லாரியையும் அதே மாதிரி கும்பிட்டார். மஞ்சள் குங்குமம் வைக்காமல் அவர் வண்டியை வெளியே அனுப்ப மாட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரவர் பக்தி அவரவருக்கு.

வாரத்துக்கு ஒரு நடை. வெள்ளிக்கிழமை காலை எஸ்டேட்டில் வார்ப்பட இரும்புச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஓசூர், பெங்களூர் என்று சுற்றி, அங்கே கிடைக்கிற சரக்கோடு வியாழக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லி வழியாகத் திரும்பும். திரும்புகிற வழியில் கொஞ்சம் சுற்றி வந்து எங்கள் தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு வீட்டில் சாப்பிடுவார். பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் கள்ளிக்குப்பம் ஷெட்டில் விடுவார். வாரம் முழுக்க ஓட்டல் சோறு தின்ற மனுஷன் ஒரு வேளை வீட்டுச் சோறு தின்றதைத்தான் பிற்பாடு பெரிய குற்றமாக்கினார்கள்.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரத்திலிருந்து வண்டி புகைய ஆரம்பித்தது. ஷெட்டை விட்டுக் கிளம்பும்போதே பின்னால் தெரு மறைகிற அளவுக்கு நீலப் புகை. பூந்தமல்லி தாண்டியும் விடாதாம். பின்னால் வருகிற பஸ்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்களாம். ராணிப்பேட்டைக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பெங்களூர் போய்ச் சேரும்போது ஒன்றுமே இருக்காதாம். திரும்பி வரும்போது வண்டி சமர்த்தாக வரும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அதே கூத்து.

டிரைவரோடு குடித்தனம் நடத்தினால் சில விஷயங்கள் காதில் விழாமல் போகாது. கறுப்பாகப் புகைந்தால் டீசல் அதிகமாகப் போகிறது, பாரமும் அதிகம். வெள்ளையாக வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம், டீசல் சரியாக எரியாமலும் வரலாம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. இதை அவர் சோறு பிசைந்துகொண்டே சொல்வார். இந்த முறை அவரே குழம்பிப் போனார்.

"ஆயில்தான் எரியிது. ஆனா எஞ்சின்ல ஆயில் கொறயல. குச்சி வுட்டுப் பாத்துக்கினேதான் கீறேன், கோட்டுக்கு ஒரு மயிரிழ கீழ எறங்கல. அப்ப எரியற ஆயிலு எங்கேர்ந்து வருது?"

சரியான கேள்வி. இதையே முதலாளியிடமும் கேட்டிருக்கிறார். முதலாளி பக்கத்தில் நின்ற தன் மச்சினனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கொறயறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீயே ஊத்திக்கினு வர்றியோ இன்னாவோ" என்றாராம். கேள்வி கேட்டவன் திருடனானது அப்படித்தான்.

ஷெட்டுக்கு எதிரில் ஒரு மெக்கானிக் இருந்தான். வாய் நீளம், கை சுத்தம் என்று பெயர். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வண்டியைப் பார்த்தான். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான், சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைக் காட்டினான், மோந்து பார்த்தான், பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவினான், ஏர் பில்டரைக்கூடக் கழற்றிப் பார்த்து மாட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. புகையும் இல்லை. மறுநாள் காலை பூஜை முடிந்து வண்டி கிளம்பியபோது அதே மெக்கானிக்கின் முகத்திலேயே நீலப் புகையை அடித்துவிட்டுப் போயிருக்கிறது. அவன் முதலாளியிடம் போய்ச் சொன்னான்:

"எஞ்சின் கெட்டுப் பூட்டிருந்தா தெனிக்கும் பொகையும் நைனா. நேத்து பொகையல, இன்னிக்கிப் பொகையிதுன்னா அது எண்ண வெவகாரம். ராவோட ராவா டேங்குல இன்னாவோ பூந்துகீது. கிருஷ்ணாயிலாத்தான் இருக்கும்."

அந்தக் காலத்தில் சில டிரைவர்கள் அப்படிச் செய்ததுண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். டீசலை வழியில் விற்றுவிட்டு, அந்த அளவுக்கு மண்ணெண்ணெயை ஊற்றிச் சரிக்கட்டுவார்கள். ஆனால் யாரோ செய்தார்கள் என்பதற்காக எவன் தலையில் வேண்டுமானாலும் கட்டலாமா? கிருஷ்ணாயில் கலந்தால் புகை வெள்ளையாக வரும், கண் எரியும், இது நீலம், நாற்றமும் வேறு என்று என் வீட்டுக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். முதலாளிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி எங்கள் தெருமுனையில் நிற்கிறது, வெள்ளிக்கிழமை காலை புகைகிறது. அவருக்கு அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார்கள். முதலாளியும் மச்சினனும். இவர் அப்போது பெங்களூர்ப் பக்கம் எங்கேயோ ரோட்டில் இருக்கிறார். முதலாளி வீடு தேடி வந்திருக்கிறாரே, ஏதாவது நல்ல சேதியாக இருக்கும் என்று நான் பாயை விரித்து, காபிக்குப் பாலை வைத்தேன். பால் பொங்குவதற்குள் மச்சினன் என் பின்னாலேயே சமையலறைக்குள் வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் இருந்த கேனைத் தூக்கினான், மூடியைத் திறந்தான், மோந்தான். பிறகு அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு கேனையும் தூக்கினான்.

"இந்த ஊட்டுக்கு எதுக்கும்மா இத்தினி கிருஷ்ணாயிலு?"

ஒன்று எங்களுடையது. மற்றது பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அந்த மாதம் ரேஷன் கடை வரிசையில் அவருக்கும் சேர்த்து நான்தான் நின்றேன். சத்தம் கேட்டு அக்காவே ஓடி வந்து, "அது எங்க வீட்டுக் கேன்லா, நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்றார். மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சொல்லிக்குடுத்து வெச்சிருக்கீங்க" என்றான்.

முதலாளி கூடத்தில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காபி குடிக்காமல் எழுந்து போனார். நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவள், யார் வாயிலும் விழாமல் குடும்பம் நடத்தியவள். என் அடுப்படியில் ஒருவன் செருப்புக் காலோடு நின்று என் சாமான்களை மோந்து பார்க்கிறான், நான் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறேன். அந்தப் பாலை அவன் மூஞ்சியில் ஊற்றியிருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை இவர் ஷெட்டில் வண்டியை விட்டதும் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அத்தோடு விட்டார்களா? பூந்தமல்லியில் லாரிகள் நிற்கிற இடத்தில், டீக்கடையில், எஸ்டேட் வாசலில், எல்லா இடத்திலும் சேதி போய்விட்டது. டிரைவருக்குச் சொத்து என்ன இருக்கிறது? லைசென்ஸ், அதைவிட்டால் பேர். பேர் கெட்டுப்போன டிரைவரிடம் யாரும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். இவர் ஏறி இறங்காத முதலாளி இல்லை. "சொல்லி அனுப்பறேம்பா" என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் எந்தக் கம்பெனி வாசலில் லாரியோடு போய் நின்றாரோ அதே வார்ப்படக் கம்பெனியில் அச்சுக்கு மணல் சுமக்கப் போனார். பழகின டிரைவர்கள் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள்.

இதற்கு மேல் ஒரு கொடுமை நடந்தது. புது டிரைவர் ஒருவனைப் போட்டார்கள். அவன் எடுத்த முதல் நடையிலிருந்தே வண்டியில் புகை இல்லை. அடுத்த நடையிலும் இல்லை. முதலாளி டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னாராம், "பாத்தியா, ஆள மாத்தினேன், பொக நின்னு போச்சி. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். யார்தான் ஆட்ட மாட்டார்கள்? ஊர்க்காரர்களை விடுங்கள். என் கூடப் பிறந்த அண்ணன் வீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மச்சான் நெஜமாவே ஒண்ணும் பண்ணலதான?" என்று கேட்டான். நான் அவனுக்குச் சோறு போடாமல் அனுப்பினேன்.

இவர் அப்போது பேச்சையே குறைத்துக்கொண்டார். நான் கத்துவேன், அவர் கேட்டுக்கொண்டு இருப்பார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. நாலு பேரைப் பார்த்து நாலு வார்த்தை பேசத் துப்பில்லையா என்று கேட்பேன். "இன்னான்னு பேசறது? பொக நின்னுபோச்சே" என்பார். அந்த லாரியும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

பிறகு ஒரு சாயங்காலம் அந்தப் புது டிரைவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். சின்ன வயசு. வாசலிலேயே நின்றான், உள்ளே வரக் கூச்சம்.

"அண்ணாத்தே, என்னியும் கிருஷ்ணாயிலுங்கறாரு."

புகை திரும்ப வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அதே நீலம். அவன் குடித்தனம் இருப்பது திருவொற்றியூரில், லாரியை வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. ஆனாலும் அவனையும் திருடன் என்று சொல்லியாகிவிட்டது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இத்தினி நாளு நல்லாத்தான ஓடிச்சி? அப்ப செய்யாதது எதுனா இப்ப செய்யறியா?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யலக்கா. அப்ப மொதலாளி ஊட்டு பங்காளி ஒருத்தரு செத்துட்டாரு. தீட்டுன்னு சொல்லி வண்டிகிட்டயே வரல, பூஜயும் இல்ல. இப்பதான் காரியம் முடிஞ்சி மறுபடி வெள்ளிக்கெழம பூஜ போடறாரு."

மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "பூஜ போட சொல்ல நீ எங்க நிக்கற?"

"தள்ளித்தான் நிக்கறேன். குளிக்காதவன் கிட்ட வரக் கூடாதுன்றாரே. அவுரே பானெட்ட தொறந்து எல்லாத்தையும் ரொப்பறாரு. ஆயுத பூஜைக்கி கோயில்காரரு சொன்னாராமே, வண்டில எதுவும் கொறயா இருக்கக் கூடாதுன்னு."

"தண்ணிதான ரொப்பறாரு?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி. பேட்டரிக்கித் தண்ணி. அப்பாலிக்கி ஆயில் டப்பாவும் வெச்சினு கீறாரு."

இவர் எழுந்து நின்றுவிட்டார். இவரும் அந்த வெள்ளிக்கிழமைகளில் தள்ளி நின்று கைகூப்பியவர்தான். முதலாளி தண்ணீர் ஊற்றுகிறார், நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று இருந்துவிட்டார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அந்த வண்டிகளில் ஏர் பில்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வரைக்கும் ஆயில் ஊற்ற வேண்டும். எஞ்சின் இழுக்கிற காற்று அந்த ஆயிலில் பட்டு, தூசியை அதில் விட்டுவிட்டு உள்ளே போகும். கோட்டுக்கு மேலே ஊற்றினால் காற்றோடு ஆயிலையும் சேர்த்து எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். அதிகமாக ஊற்றியது தீர்கிற வரைக்கும் நீலப் புகை. தீர்ந்ததும் ஒன்றும் இருக்காது. வியாழக்கிழமை மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் ஆயில் கோட்டில்தான் இருக்கும். எஞ்சின் ஆயில் ஏன் குறையவில்லை என்பதும் அப்போதுதான் தெளிந்தது. எரிந்தது பில்டர் கிண்ணத்து ஆயில்.

தெரிந்து என்ன செய்ய? இவர் அந்த ஷெட் வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. அந்தப் பையனோ வாயைத் திறந்தால் வேலை போகும் என்று நடுங்கினான். நான் போகிறேன் என்றேன். இவர் வேண்டாம் என்றார். என் சமையலறைக்குள் கேட்காமல் வந்தவர்களின் ஷெட்டுக்குள் நான் எதற்குக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்?

வெள்ளிக்கிழமை கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் போனேன். நல்ல கூட்டம். வாராவாரம் பொங்கலும் சுண்டலும் கொடுப்பார்கள் என்பதால் அக்கம்பக்கத்து ஆட்கள் வருவார்கள், எதிர்ஷெட் மெக்கானிக்கும் தொன்னையோடு நின்றான். முதலாளி பானெட்டைத் திறந்து வைத்து, பயபக்தியோடு, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் அந்தக் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி மூடியதை என் கண்ணால் பார்த்தேன். சூடம் காட்டி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு மெக்கானிக்கிடம் போனேன்.

"அன்னிக்கி வியாழக்கெழம பாத்துத்தான தீர்ப்பு சொன்ன? இன்னிக்கி வெள்ளிக்கெழம. அந்த ஏர் பில்டர இப்ப கழட்டிப் பாரு."

மச்சினன் பாய்ந்து வந்தான். சூடம் காட்டின வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றான். "என் ஊட்டு கேன தூக்கி மோந்து பாத்தவன்தான நீ, இப்ப உனக்கு இன்னாத்துக்குப் பயம்?" என்று கேட்டேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மெக்கானிக்குக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. தொன்னையைக் கீழே வைத்துவிட்டு வண்டி மேல் ஏறி, கிளிப்பைத் தட்டிக் கிண்ணத்தை இறக்கினான். புத்தம் புது ஆயில் அவன் இரண்டு கையிலும் வழிந்து, முழங்கையில் ஓடி, பூ வைத்த பம்பரில் கொட்டியது.

"நைனா, இத்தினி ஊத்தனா பொகையாம இன்னா பண்ணும்?" என்றான்.

முதலாளி டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றார். "கொறவா இருக்கக் கூடாதுன்னுதான ஊத்தனேன். சாமிக்கிச் செஞ்சது" என்றார். அவர் குரலில் திருட்டுத்தனம் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. மெக்கானிக் அவருக்கு அந்தக் கோட்டைக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார், டப்பாவைக் கீழே வைத்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, பெரிய மனசோடு சொன்னார்:

"சரி வுடும்மா. அடுத்த நடைக்கி அவன வண்டிய எடுக்கச் சொல்லு. நடந்தத நான் மனசுல வெச்சிக்கல."

அவர் மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம். "நீங்க எதுக்கு மனசுல வெச்சிக்கணும்? நாங்க உங்களுக்கு இன்னா பண்ணோம்?" என்று கேட்டேன். அவர் எனக்குப் பொங்கல் கொடுக்கச் சொல்லி யாரிடமோ கை காட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் இவரிடம் சொன்னேன். அந்த ஆளிடம் இனிமேல் வேலை செய்யக் கூடாது, மணல் சுமந்தாலும் சுமக்கலாம், அவன் வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். இவர் முழுக்கக் கேட்டார். என் மேல் கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. மறுவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து முகச்சவரம் செய்துகொண்டார். பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து உதறினார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஷெட்டுக்கு."

"உங்களுக்கு ரோஷமே கெடயாதா?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்த வண்டில நான் மறுபடி குந்தலன்னா, பூந்தமல்லில கீறவன் ஒருத்தனுக்கும் இந்த ஆயிலு கதயெல்லாம் தெரியாது. திருட்டுப் பய, தொரத்திட்டாங்கன்னுதான் தெரியும். அந்த சீட்டுல குந்திக்கினு அவனுங்க எதுர போனாத்தான் என் பேரு திரும்பி வரும்."

தப்புச் செய்தவர் இருந்த இடத்திலேயே இருந்தார். தப்பே செய்யாதவர் திரும்பிப் போய் அவரிடமே கை நீட்டிச் சாவி வாங்கினால்தான் ஊர் நம்பும். நான் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். அவர் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.